ஒரு குயர் நோட்டும் திருவிவிலியமும்

சென்ற மாதம் எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்தபின், ஓர் இளந்தாய் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, ஒவ்வொரு தவக்காலத்திலும் விவிலியத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறேன். தொடக்க நூல் கதைபோல ஓடிவிடுகிறது. விடுதலைப் பயணத்தில் செங்கடல் வரையிலும் தடையில்லை. அதன் பிறகு கூடாரத்திற்கு எத்தனை முழம், எத்தனை சட்டம் என்று வருகிற இடத்தில் களைத்துப் போகிறேன். லேவியரைத் தாண்டியதே இல்லை. நீங்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளாக எப்படி வாசிக்கிறீர்கள்?”

கேள்வி என்னை நோக்கிக் கேட்கப்பட்டதாயினும் விடை சொல்ல வேண்டியவர் என் துணைவியாரே. அவர் அன்று கூட்டத்திற்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று சொன்னேன். “நோட்டைப் பார்த்து நீங்களே எழுதுங்க, ஒளிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு” என்றார். அந்த அனுமதியின் பேரில்தான் இக்கட்டுரையை வாசக நேயர்கள் முன் வைக்கிறேன்.

நாங்கள் மதுரைக் காளவாசலில் வாழ்கிறோம். காளவாசல் என்பது செங்கற் சூளைக்கு நம் வட்டாரத்தார் வழங்கும் பெயர். இன்று இங்கே சூளைப் புகை இல்லை. அதற்கு ஈடாகப் பேருந்துப் புகை உண்டு. தேனிக்கும் உசிலம்பட்டிக்கும் செல்லும் வண்டிகள் விடியுமுன்னரே ஒலியெழுப்பத் தொடங்கிவிடும். மேம்பாலம் வந்தது, இரைச்சல் குறைந்தபாடில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறைநூல் வாசிப்புக்கு ஆழ்ந்த அமைதியும் தனியறையும் வேண்டும் என்று எண்ணித் தொடங்காமலே இருப்பவர் நம்மிடையே பலர். எங்கள் இல்லத்தில் அவ்விரண்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

கத்தோலிக்கர் விவிலியம் அறியாதவர் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை. சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த என் பாட்டியாருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆயினும் யோசேப்பைச் சகோதரர் விற்றதிலிருந்து ஆண்டவர் கல்லறையில் வைக்கப்பட்டது வரை ஒரு நிகழ்ச்சியையும் விடாமல் சொல்லுவார். எங்கே கற்றார்? செவியால் கற்றார். இலங்கையில் பணியாற்றிய கோவா நாட்டுக் குருவாகிய யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்கால வெள்ளிகளில் கோயிலில் இராகத்தோடு வாசிக்கப்பட்டது. திருவிழா இரவுகளில் வாசகப்பா விடிய விடிய நடந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி அடிகளார் காலந்தொட்டு உபதேசியார்கள் ஊர் ஊராகச் சென்று வாயால் ஊட்டியதைத்தான் நம் முன்னோர் நெஞ்சில் ஏற்றார்கள். வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தபோது, அதைக் கையில் ஏந்தி வாசித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? பாடக் கேட்டவரே மிகப் பலர்.

ஆனால் செவிவழிக் கல்விக்கு ஒரு குறை உண்டு. சொல்பவர் எதைச் சொல்லத் தேர்ந்தாரோ, அதுமட்டுமே கேட்பவர்க்குக் கிடைக்கும். என் பாட்டியாருக்குச் சூசையப்பரைத் தெரியும், எரேமியாவைத் தெரியாது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியது 1715-இல். அதன் வழிவந்த சீர்திருத்தச் சபைச் சகோதரரின் இல்லங்களில் வேதப் புத்தகம் அடுப்பும் குடமும்போல வீட்டுப் பொருளாயிற்று. நம் இல்லங்களில் செபமாலைக்கும் செபப் புத்தகத்திற்கும் அந்த இடம் கிடைத்தது. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாட்டைப் பற்றி வெளியிட்ட ஏடு, மறைநூல் இறைமக்கள் அனைவர்க்கும் எட்டும்படி இருத்தல் வேண்டும் என்றும், வாசிப்போடு செபம் இணைய வேண்டும் என்றும் வற்புறுத்தியது. 1969-இல் வகுக்கப்பட்ட புதிய ஒழுங்கின்படி ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியாக விரிந்தன. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. கதவு திறந்தாயிற்று, நுழைவதுதான் நம் பாடு.

எங்கள் வீட்டில் நுழைந்தவர் என் துணைவியார். நான் தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். பீடத்தருகே நின்று வாசகம் வாசிப்பவன். அவரோ எட்டாம் வகுப்போடு நின்றவர். 1996-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் தெருவில் அன்பியம் தொடங்கப்பட்டபோது, ஏழு படி முறையில் நற்செய்திப் பகிர்வு செய்யப் பழக்கினார்கள். தென்னாப்பிரிக்காவிலுள்ள லும்கோ நிறுவனத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய முறை அது. பகுதியை வாசித்தபின் ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட ஒரு சொல்லையோ தொடரையோ உரக்கச் சொல்லி, சற்று மௌனமாயிருப்பது அதில் ஒரு படி. பிறர் முன்னிலையில் பேசக் கூசியவர் என் துணைவியார். “கூட்டத்துல மறந்து போயிருது” என்று சொல்லி, முதல் நாளே அப்பகுதியை வீட்டில் வாசித்து, தம்மைத் தொட்ட சொல்லைக் குறித்துவைத்துக்கொண்டார். பழக்கத்தின் வித்து அவ்வளவே. இதில் தெய்வீகக் காட்சி எதுவும் இல்லை. கூச்சம் மட்டுமே இருந்தது.

குறித்துவைத்த ஏடு எது தெரியுமா? பலசரக்குக் கணக்குக்காக வாங்கிய ஒரு குயர் நோட்டு. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கும் சீட்டுக் கணக்கும். பின்பக்கத்திலிருந்து திருமறைக் குறிப்பு. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது நோட்டு தீரும். இப்படிச் சந்தித்த நோட்டுகள் ஏழு எங்கள் பெட்டியில் இருக்கின்றன. பின்னரே மறைநூலுக்கெனத் தனி நோட்டு வந்தது. தனி நோட்டு வந்தது முன்னேற்றம் என்று நான் கருதினேன். அவருக்கு அதில் அத்தனை மகிழ்ச்சியில்லை. “கணக்கெழுத எப்படியும் நோட்டைத் திறக்கணும். திறந்தா இதுவும் கண்ணுல படும். இப்ப ரெண்டு நோட்டையும் நானே ஞாபகம் வச்சுத் திறக்கணும்” என்றார். பழக்கத்தை நிலைநிறுத்துவது எப்படி என்று தடித்த நூல்கள் பல இந்நாளில் விற்பனையாகின்றன. அவற்றின் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும் என்பது என் துணிபு. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு புதியதைக் கட்டிவிட வேண்டும்.

எழுதும் முறையும் மிக எளிது. தேதி, நூலும் அதிகாரமும், மனத்தில் தைத்த ஒரு தொடரைப் பார்த்து எழுதுதல், அதன் கீழே தம் சொந்தச் சொல்லாக ஒரு வரி அல்லது இரண்டு வரி. இதற்குமேல் இல்லை. முதலில் எடுத்தது மாற்கு. பதினாறே அதிகாரங்கள், நான்கு நற்செய்திகளிலும் சிறியது. நாளுக்கு ஓர் அதிகாரம் வீதம் வாசித்தால் நான்கு நற்செய்திகளின் 89 அதிகாரங்களும் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அவர் அவ்வாறு வாசிக்கவில்லை. நாளுக்கு ஒரு நிகழ்ச்சி. அதற்குமேல் ஒரு வரியும் இல்லை. தவக்காலத்தில் தொடங்கிய மாற்கு, மாதாவின் விண்ணேற்பு விழா கழிந்த பின்னரே முடிந்தது.

அந்த முதல் நோட்டிலிருந்து இரண்டொரு வரிகளைக் காட்டுகிறேன். மாற்கு நான்காம் அதிகாரத்திற்கு நேரே இப்படி இருக்கிறது: “படகில் தலையணை யார் கொடுத்தது? மற்றவர்களும் களைத்திருப்பார்களே.” புயலை அடக்கிய நிகழ்ச்சியை மூன்று நற்செய்தியாளர் எழுதியிருக்கின்றனர், தலையணையைக் குறிப்பிடுபவர் மாற்கு ஒருவரே. பலமுறை பீடத்தருகே வாசித்த என் கண்ணில் படாத தலையணை, ஐந்து பேருக்குப் பாய் விரிக்கும் பெண்ணின் கண்ணில் பட்டது. ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கினால் வருந்தி, கைப்பொருளையெல்லாம் மருத்துவரிடம் செலவழித்த பெண்ணைப் பற்றி: “எனக்குப் பன்னிரண்டு மாதத்திலேயே மருந்து அலுத்துவிட்டது. இவள் பெரியவள்.” மற்றொரு நாள்: “இன்று ஒன்றும் புரியவில்லை. பால் அரை லிட்டர் கூடுதல்.”

இந்த மூன்றாவது குறிப்பே எனக்கு மிகவும் பிடித்தது. புரியாத நாளில் புரியவில்லை என்று எழுதத் துணிந்தவருக்கே இப்பழக்கம் நிலைக்கும். அன்று ஏதேனும் பக்தியான வாக்கியம் ஒன்றைச் சோடித்து எழுதியிருந்தால், மறுநாள் நோட்டைத் திறக்கவே அவருக்கு மனம் வந்திராது. பொய் சொன்ன இடத்திற்கு மறுபடியும் செல்ல யாருக்குத்தான் கால் வரும்?

நாட்குறிப்பு எழுதுவது மேல்நாட்டு வழக்கம், நமக்கு ஒட்டாது என்று ஒரு நண்பர் வாதிட்டார். புதுவையில் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை கால் நூற்றாண்டுக் காலம் தமிழிலே நாட்குறிப்பு எழுதிவந்தார் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். கப்பல் வந்த செய்தியும் சரக்கு விலையும் எழுதத் தெரிந்த தமிழ்க் கைக்கு, ஆண்டவருடைய சொல் வந்த செய்தியை எழுதத் தெரியாமற் போகுமா?

திருச்சபையிலும் இது பழைய வழக்கமே. 1521 மே மாதம் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் குண்டடிபட்டு லொயோலாவில் படுத்துக் கிடந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். அவ்வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதையும்தாம். அவற்றை வாசித்ததோடு அவர் அமையவில்லை. ஆண்டவர் சொற்களைச் சிவப்பு மையிலும், அன்னை மரியாளின் சொற்களை நீல மையிலும் தாமே பார்த்தெழுதலானார். அவ்வாறு எழுதிய ஏடுகள் ஏறத்தாழ முந்நூறு என்பர். மதுரை மறைத்தளத்துக்கு நோபிலியையும் அருளானந்தரையும் அனுப்பிய சபை, காலொடிந்த ஒரு போர்வீரர் கட்டிலில் அமர்ந்து நூலைப் பார்த்தெழுதிய அந்நாட்களில்தான் வித்திடப்பட்டது எனக் கூறுதல் மிகையன்று.

அவருடைய ஆன்மீக நாட்குறிப்பில் ஒரு பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது: 1544 பிப்ரவரி 2 முதல் 1545 பிப்ரவரி 27 வரை. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்கத்தில் நீண்ட குறிப்புகள். சபையின் ஏழ்மை பற்றிய முடிவொன்றை எடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஓரிரு திங்களுக்குள் குறிப்புகள் சுருங்கிவிடுகின்றன. திருப்பலிக்கு முன் கண்ணீர் வந்ததா, பின் வந்ததா, வரவில்லையா என்ற அளவில் நாளுக்கு ஒருசில சொற்கள் மட்டுமே. உலகத்துக்கே தியானம் கற்பித்தவர் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாரெனில், சமையலுக்கும் பள்ளிக்கூட வண்டிக்கும் இடையே ஒரு வரி எழுதும் தாய்மார் நாணவேண்டியதில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவியாகிய இரண்டாம் குய்கோ, மறைநூல் வாசிப்பை நான்கு படியுள்ள ஏணியாக விளக்கினார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் ஒன்றித்திருத்தல். எழுதுதல் என்ற படியை அவர் சேர்க்கவில்லை. துறவு மடத்தில் பால்காரர் கதவைத் தட்டுவதில்லை போலும்! நம் போன்றோருக்கு, வாசித்த சொல் தியானத்தை அடையுமுன் நழுவாதிருக்க ஒரு கொக்கி வேண்டியிருக்கிறது. இஸ்ரயேலின் அரசன் அரியணையில் அமர்ந்ததும் திருச்சட்டத்தின் படியொன்றைத் தனக்கென எழுதிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும் என்று இணைச்சட்டம் பதினேழாம் அதிகாரம் விதிப்பதும் இந்தக் காரணத்தினால்தானோ என்று நினைப்பதுண்டு.

ஈண்டு இரண்டு எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். ஓராண்டில் விவிலியம் முழுவதையும் முடித்துவிடும் அட்டவணைகள் பல வழங்குகின்றன. முடிப்பவர் முடிக்கட்டும். ஆனால் எழுபத்துமூன்று நூல்களையும் ஓட்டப்பந்தயமாக்கினால், மூன்று நாள் காய்ச்சலில் படுத்தவர் மூன்று நாள் கடனாளியாகி, கடன் பெருகப் பெருக நூலையே மூடிவிடுவார். விட்ட நாளை விட்டுவிட்டு இன்றைக்குரிய பகுதியைத் திறப்பவரே நிலைப்பார். மற்றொன்று கைப்பேசி. அன்றன்றைய வாசகம் அதிகாலையிலேயே வந்துவிடுகிறது; நல்லதே. பெற்றதை வாசியாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, வாசித்துவிட்டதாக நிறைவடைகிறோம். 2020-இல் ஊரடங்கின்போது விவிலியத்தைக் கையால் எழுதியவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்கள் விரலில் ஏறிய காய்ப்பு ஒன்றே அனுப்புதற்கும் எழுதுதற்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லும்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதம் எங்கள் இளைய மகனை இழந்தோம். அவனுக்கு வயது பத்தொன்பது. அதைப்பற்றி இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. நோட்டில் உள்ளதை மட்டும் சொல்லுகிறேன்.

அடக்கம் நடந்த நாளுக்குத் தேதி போடப்பட்டிருக்கிறது. அதன் கீழே ஒன்றுமில்லை. மறுநாளுக்கும் தேதி, ஒன்றுமில்லை. இப்படி முப்பத்துமூன்று நாள். வீட்டில் உறவினர் நிறைந்திருந்தனர். அவர் எப்போது அந்த நோட்டைத் திறந்தார், எப்படித் தேதியை எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. வாசிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை, ஆயினும் நாள் தவறாமல் அங்கே போய் அமர்ந்திருக்கிறார் என்பதற்கு அத்தேதிகளே சான்று. முப்பத்துநான்காம் நாள் எழுதியிருப்பது: “தி.பா. 88. இது இருட்டிலேயே முடிகிறது. நல்லது.”

திருப்பாடல்களில் புலம்பல்கள் பல. பெரும்பாலானவை அழுகையில் தொடங்கினாலும் நம்பிக்கையிலோ புகழ்ச்சியிலோ திரும்பிவிடும். எண்பத்தெட்டாம் பாடல் திரும்புவதில்லை. இருளென்னும் சொல்லோடு நின்றுவிடுகிறது. திருச்சபை அதை ஒதுக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் இரவுச் செபத்தில் அதை வைத்திருக்கிறது. எனக்கு இச்செய்தி பின்னாளில்தான் தெரியவந்தது. என் துணைவியார் வழிபாட்டு நூல் எதுவும் அறியாமலே, நூற்றைம்பது பாடல்களில் தமக்குரியதைத் தேடிக் கண்டு, பதினொரு நாள் அதிலேயே தங்கினார். பின்னர் லூக்கா ஏழாம் அதிகாரம், கைம்பெண் மகனை ஆண்டவர் எழுப்பிய பகுதி. அதற்கு நேரே: “நயீன் ஊர் எங்கே, காளவாசல் எங்கே.” அவ்வளவே.

இக்குறிப்பை ஒரு பெரியவரிடம் அவரே காட்டினார். பெரியவர் வருந்தி, “அம்மா, ஆண்டவர் மேல் குறை எழுதலாகாது. அந்தத் தாளைக் கிழித்துவிடு” என்றார். இவர் பணிவாகவே கேட்டார்: “எரேமியா பிறந்த நாளையே சபிச்சு எழுதினாரே ஐயா. அதையெல்லாம் கிழிச்சிட்டாங்களா?”

எரேமியாவின் ஏட்டைக் கிழித்தவன் ஒருவன் உண்டு. அரசன் யோயாக்கிம் குளிர்கால மாளிகையில் நெருப்புச் சட்டியின் முன் அமர்ந்திருக்க, ஏட்டுச்சுருள் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும் அவற்றைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டு, சுருள் முழுவதையும் எரித்தான். எரேமியா மறுபடியும் சொல்ல, பாரூக்கு மறுபடியும் எழுதினார். முன்பில்லாத சொற்களும் பல சேர்ந்தன. முப்பத்தாறாம் அதிகாரத்தில் காணலாம். என் துணைவியார் தாளைக் கிழிக்கவில்லை. பெரியவரும் மறுமுறை வற்புறுத்தவில்லை. அவர் இறக்கும்வரை எங்கள் இல்லத்து நல்ல நண்பராகவே இருந்தார்.

பாரூக்கின் வேலை எனக்கு வாய்க்கும் என்று அன்று நான் நினைத்ததில்லை. 2015 முதல் சர்க்கரை நோயினால் அவருடைய விழித்திரை பழுதுபடலாயிற்று. நோட்டில் எழுத்துகள் ஆண்டுக்காண்டு பெரிதாகிக்கொண்டே வருவதைக் காணலாம். ஒரு பக்கத்தில் இருபத்தைந்து வரி இருந்த இடத்தில் பத்து வரி, பின்பு நான்கு வரி. 2018-இல் ஒரு நாள் வரியின்மேல் வரி ஏறி எழுதப்பட்டிருக்கிறது. அதுவே அவர் கையெழுத்தில் கடைசி. மறுநாள் முதல் நான் வாசிக்க, அவர் கேட்டு, அவர் சொல்ல, நான் எழுதுகிறேன்.

கண்ணால் வாசிப்பதற்கும் ஒருவருக்காக உரக்க வாசிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! எத்தியோப்பிய அமைச்சர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்ததைப் பிலிப்பு ஓடிச்சென்று கேட்டார் என்று திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. தனியே வாசித்தாலும் வாய்விட்டு வாசிப்பதே அக்கால வழக்கம் போலும். வாய்விட்டு வாசிக்கையில் எந்தச் சொல்லையும் தாண்டிச் செல்ல முடியாது. நான் தாண்டினால் எதிரே இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு யோவான் இன்னும் அருளப்பர்தான், பவுல் இன்னும் சின்னப்பர்தான். புதிய பெயரை நான் வாசிப்பதும் பழைய பெயரில் அவர் விடை சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அவர் சொல்லும் வாக்கியத்தைத் திருத்தத் தமிழாசிரியன் கை துடிக்கும். “நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க. இது பரீட்சைத் தாள் இல்லை” என்பார்.

இப்போது நாங்கள் தோபித்து நூலில் இருக்கிறோம். கண் இழந்த முதியவரின் கதை. இதை அவருக்கு வாசிக்கலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. அவர்தாம், “வரிசையில வந்தா வாசிங்க” என்றார். இரண்டாம் அதிகாரத்தில் தோபித்தின் மனைவி அன்னா நெசவு வேலைக்குக் கூலியோடு ஆட்டுக்குட்டி ஒன்றையும் பரிசாகப் பெற்று வருகிறாள். அதன் குரலைக் கேட்ட தோபித்து, அது திருட்டு ஆடு என்று ஐயுற்றுச் சினக்கிறார். அன்றைய குறிப்பு: “கண் போனால் காது கூர்மையாகும் என்பார்கள். இவருக்கு நாக்கு கூர்மையாகியிருக்கிறது. நான் இப்படி ஆகக் கூடாது.”

பத்தாம் அதிகாரம் கடினமாயிருந்தது. தூரதேசம் சென்ற மகன் தோபியா குறித்த நாளில் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று தாய் அழுகிறாள். நாள்தோறும் போய் அவன் சென்ற வழியையே பார்த்திருக்கிறாள். நான் வாசித்து முடித்தேன். நெடுநேரம் கழித்து, “தேதி மட்டும் எழுதுங்க” என்றார். எழுதினேன்.

மறுநாள் பதினோராம் அதிகாரம். மகன் வருகிறான், அவன் பின்னே நாயும் வருகிறது. மீனின் பித்தப்பையால் தந்தையின் கண்கள் திறக்கின்றன. இதற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று பேனாவைப் பிடித்துக் காத்திருந்தேன். “நாய் திரும்பி வந்ததைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். எழுதினவர் நல்ல மனுஷர்” என்று மட்டும் எழுதச் சொன்னார்.

பன்னிரண்டாம் அதிகாரத்தில் வானதூதர் இரபேல் தம்மை இன்னார் என வெளிப்படுத்தி, விடைபெறுமுன் தந்தைக்கும் மகனுக்கும் ஒரு கட்டளை இடுகிறார்: நடந்தவற்றையெல்லாம் எழுதிவைக்க வேண்டும். அந்த வாக்கியத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். இத்தனை ஆண்டு எழுதிவந்தவருக்கு வானதூதரே சான்று பகர்கிறார் என்று நான் மகிழ்ந்து சொன்னேன். அவர் சிரித்தார். “கண்ணு வந்த பெறகு எழுதச் சொன்னா யாரும் எழுதலாம். இதையே எழுதிக்கோங்க.” எழுதிக்கொண்டேன், தேதியும் இட்டேன்.

நான் எழுதி முடித்ததும் நோட்டை வாங்கித் தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் மறுபக்கத்தில் வரிகள் விரலுக்குத் தட்டுப்படும். எழுத்து தெரியாது, வரிகளை எண்ணிவிடலாம். தாம் சொன்னது மூன்று வரி, நான் எழுதியிருப்பது ஐந்து வரி என்றால் கேள்வி வரும். ஆகையினால் எங்கள் வீட்டில் மைப் பேனா கிடையாது.

தோபித்தில் இன்னும் இரண்டு அதிகாரம் இருக்கிறது. நோட்டில் மூன்று பக்கமே மீதம். அடுத்து வருவது யூதித்து. அதற்குப் புது நோட்டு வேண்டும். ஒரு குயர் போதுமாம். தாள் தடிப்பாக இருக்கலாகாது, அச்சுப் பதிவதில்லை. கடையிலேயே ஒரு தாளைத் தடவிப் பார்த்து வாங்கி வரும்படி சொல்லியிருக்கிறார்.